சிகரத்தோடு சண்டை போடலாமா?



"பாலசந்தர் படத்தையே பிடிக்கலைன்னு சொல்றியா? உனக்கு ரசனையே இல்லடா!" நம் கேன்டீனில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. 'இயக்குநர் சிகரம்' என்று பெயர் எடுத்தவர், 2010-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது பெற்றவர், 2014-இல் மறைந்தவர். அவர் படத்தைக் குறை சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது.

"எனக்குப் பிடிக்கலை" என்பது வேறு, "இது நல்ல படம் இல்லை" என்பது வேறு. முதலாவதற்குக் காரணம் வேண்டாம். பாகற்காய் பிடிக்காதவனிடம் யாராவது விளக்கம் கேட்கிறோமா? இரண்டாவதற்குக் காரணம் காட்டியே தீர வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

காரணத்தைப் படத்திலேயே தேடலாம். பாலசந்தர் ஏ.ஜி. ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே மேடை நாடகம் போட்டவர். 1965-இல் அவர் முதலில் இயக்கிய 'நீர்க்குமிழி'யே அவருடைய நாடகம்தான். அதனால் அவர் பாத்திரங்கள் நிறையப் பேசும், சுருக்கென்று பேசும். வசனத்தை ரசிப்பவனுக்கு அது விருந்து. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) போல மௌனத்தால் கதை சொல்வதை விரும்புகிறவனுக்கு அதே வசனம் இரைச்சல்.

அடுத்தது, பார்க்கிறவன் வாழ்க்கை. 'அவள் ஒரு தொடர்கதை'யில் (1974) சுஜாதா நடித்த கவிதா, கடைசியில் தன் கல்யாணத்தை விட்டுவிட்டு மறுபடியும் குடும்பப் பாரத்தைத் தூக்குகிறாள். "என்ன ஒரு தியாகம்!" என்று என் நண்பன் கண் கலங்குகிறான். எனக்கோ கோபம்தான் வருகிறது. எங்கள் பாகூர் பக்கம் அக்கா கம்பெனிக்குப் போய்த் தம்பியைப் படிக்க வைக்கிற வீடுகள் உண்டு. அந்த அக்காவுக்கும் ஒரு வாழ்க்கை வேணாமா? தியாகம் என்று கைதட்டிவிட்டால் அவள் பாரம் குறைஞ்சிடுமா?

நம் லேபில் பார்த்திருப்பீர்கள். இழுவைச் சோதனையில் மைல்டு ஸ்டீல் கம்பி நீண்டு, நடுவில் மெலிந்து, பிறகு அறும். காஸ்ட் அயர்ன் நீளாமலேயே பட்டென்று உடையும். மெஷின் ஒன்றுதான், இழுப்பும் ஒன்றுதான், உலோகம் வேறு. ஒரே காட்சி அவனை அழ வைப்பதும் என்னைக் கோபப்படுத்துவதும் அப்படித்தான். ஐம்பது வருஷம் கழித்தும் இரண்டு பேரை இப்படி வாதாட வைக்கிறதே, அது அந்தப் படத்தின் பலம்! கோபத்தோடே அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனையோ விஷயத்துக்குத் தலையாட்டிவிட்டார்கள். நாமும் அப்படியே தலையாட்டவா காலேஜுக்கு வந்தோம்? முழுசாகப் பார்த்து, காரணத்தோடு மறுத்துப் பேசுவதும் ஒரு கலைஞனுக்குச் செய்யும் மரியாதைதான்.

ரசிப்போம்... யோசிப்போம்... தைரியமாகச் சொல்வோம்!

- இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், பாகூர்