எபிடெமிக், பான்டெமிக், என்டெமிக்: மூன்று சொற்கள் தரும் பாடம்



2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை ‘பான்டெமிக்’ என்று அறிவித்தது. அன்றுமுதல் அந்தச் சொல் நம் வீடுகளிலும் புழங்கத் தொடங்கியது. தமிழில் ‘பெருந்தொற்று’ என்றார்கள். பிறகு, ‘இனி இது என்டெமிக்’ என்ற பேச்சு வந்தது. அதைக் கேட்டதும் ‘அப்பாடா, ஆபத்து போய்விட்டது’ என்று பலர் நிம்மதி அடைந்தார்கள். அந்தச் சொல்லுக்கு உண்மையில் அப்படிப் பொருள் கிடையாது.

இந்தச் சொற்கள் கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் ‘டெமோஸ்’ இருக்கிறது. அதற்கு மக்கள் என்று பொருள். ‘டெமாக்ரசி’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். ‘எபி’ என்றால் மேலே. மக்கள்மேல் வந்து இறங்குவது எபிடெமிக். ‘பான்’ என்றால் எல்லாம். எல்லா மக்களையும் தொடுவது பான்டெமிக். ‘என்’ என்றால் உள்ளே. மக்களுக்குள்ளேயே குடியிருப்பது என்டெமிக்.

இவற்றில் எபிடெமிக் மிகப் பழையது. யுனானி ஹக்கீம்கள் ‘புக்ராத்’ என்று அழைக்கும் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் ஒன்றுக்கு அதுவே தலைப்பு. அது சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய நூல். பான்டெமிக் என்ற சொல் ஆங்கிலத்தில் 1660களிலேயே வந்துவிட்டது.

இந்தச் சொற்கள் நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. எவ்வளவு கொடியது என்று சொல்வதில்லை. 1918இல் வந்த இன்ஃபுளூயன்சா ஒரு பான்டெமிக். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். 2009இல் பரவிய பன்றிக் காய்ச்சலும் பான்டெமிக் என்றே அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன் பாதிப்பு 1918ஐவிட மிகக் குறைவு. மலேரியாவோ ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் என்டெமிக், அதாவது அங்கேயே குடியிருக்கும் நோய். அது ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் உயிர்களைக் கொண்டுபோகிறது. இறப்பவர்களில் பெரும்பாலோர் சின்னஞ்சிறு குழந்தைகள்.

நம் ஊரில் அப்படிக் குடியிருக்கும் நோய் டெங்கு. தமிழ்நாட்டில் அது வராத ஆண்டு இல்லை. அதனால்தான் ‘மழைக்காலம் என்றால் காய்ச்சல் வரத்தான் செய்யும்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

திண்டுக்கல்லில் இதற்குத் தண்ணீர்க் கஷ்டமும் ஒரு காரணம். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் வந்தாலும், பல தெருக்களில் குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை. வரும் நாளில் டிரம், குடம், சிமென்ட் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, இந்த நல்ல தண்ணீரைத்தான் தேடி வருகிறது. முட்டையைப் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிவிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதம் உயிரோடிருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் சுமார் 10 நாளில் கொசுவாகிப் பறக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மூடி போட வேண்டும். இந்தக் கொசு பகலில் கடிக்கும். பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கும் கொசுவலை கட்டுங்கள். பள்ளிவாசலில் ஒளு செய்யும் தொட்டியில் மீன் விட்டால் அது கொசுப்புழுவைத் தின்றுவிடும்.

‘எனக்குப் போன வருஷமே வந்துபோய்விட்டது, இனி வராது’ என்றும் சிலர் சொல்வார்கள். டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. ஒரு வகை வந்தவருக்கு வேறு வகை வரலாம். இரண்டாம் முறை வரும்போதுதான் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

காய்ச்சல் வந்தால் நீங்களாக ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற மாத்திரைகளை வாங்கிப் போடாதீர்கள். அவை இரத்தக்கசிவை அதிகமாக்கலாம். அரசு மருத்துவமனைக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் குறைந்ததும் நோய் போய்விட்டது என்று இருந்துவிடாதீர்கள், ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறில் இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எபிடெமிக் வரும்போது ஊரே பயந்து விழித்துக்கொள்கிறது. என்டெமிக் நம்மோடு இருந்துகொண்டே இருப்பதால் அதன்மேல் பயம் விட்டுப்போகிறது. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படும் முன் வீட்டிலுள்ள தண்ணீர்த் தொட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கொடுக்கும் பொறுப்பை நம் தெரு இளைஞர்கள் எடுத்துக்கொண்டால், இன்ஷா அல்லாஹ், இந்த மழைக்காலத்தைக் காய்ச்சலில்லாமல் கடக்கலாம்.