பச்சைக்கு முன்னாடி நீலம்: செயின்ட் பாட்ரிக்ஸ் டேயும் பெருங்குடல் புற்றுநோயும்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

மார்ச் மாசம் பாதி வந்தாலே இன்ஸ்டாகிராம் பச்சையா மாறிடும், கவனிச்சிருப்பீங்க. மார்ச் 17, செயின்ட் பாட்ரிக்ஸ் டே. அயர்லாந்தோட தேசியத் திருநாள். பச்சை சட்டை, பச்சைத் தொப்பி, மூணு இலை ஷாம்ராக், கையில ஒரு கின்னஸ். வேலைக்காக மூணு வருஷம் டப்ளின்ல இருந்தேன். அன்னைக்கு ஊரே தெருவுலதான் இருக்கும்.

அதே மார்ச் மாசத்துக்கு இன்னொரு பேரும் இருக்கு: பெருங்குடல் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். “ஒரு பக்கம் பார்ட்டி, இன்னொரு பக்கம் மலக்குடல். ரெண்டையும் ஒரே எபிசோட்ல எப்படிப்பா பேசுவ?”ன்னு எங்க எடிட்டர் கேட்டார். பேசலாம். தோண்டத் தோண்ட இந்த ரெண்டுக்கும் நடுவுல நிறைய தொடர்பு வருது. முதல்ல நிறத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

பாட்ரிக்கின் நிறம் பச்சை இல்ல

1783-ல மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ‘ஆர்டர் ஆஃப் செயின்ட் பாட்ரிக்’னு ஒரு வீரர் பட்ட அமைப்பை உருவாக்கினார். அதுக்குத் தேர்ந்தெடுத்த நிறம் வான நீலம். ‘செயின்ட் பாட்ரிக்ஸ் ப்ளூ’ங்கிற பேரு இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. அயர்லாந்து குடியரசுத் தலைவரின் கொடியைப் பாருங்க, நீலப் பின்னணியில தங்க நிற யாழ். பச்சை எப்போ முன்னுக்கு வந்துச்சுன்னா, 1790கள்ல பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரா எழுந்த ‘யுனைடெட் ஐரிஷ்மென்’ இயக்கம் அதைத் தன் அடையாளமா எடுத்துக்கிட்ட பிறகுதான். பச்சை அரசியல் நிறமாச்சு, அப்புறம் திருவிழா நிறமாச்சு.

பெருங்குடல் புற்றுநோய் விழிப்புணர்வு ரிப்பனோட நிறமும் நீலம்தான். இது தற்செயல். ஆனா மார்ச் 17 அன்னைக்கு பச்சை சட்டையில ஒரு நீல ரிப்பன் குத்திக்கிட்டுப் போனா, யாராவது “என்ன இது?”ன்னு கேட்பாங்க. கேட்டா இந்த ரெண்டு கதையையும் சொல்லலாம்.

ஏன் மார்ச்?

அமெரிக்காவுல 2000-ல அதிபர் பில் கிளிண்டன் மார்ச்சை இந்த நோய்க்கான விழிப்புணர்வு மாதமா அறிவிச்சார். அதே மாசம் இன்னொரு விஷயம் நடந்துச்சு. கேட்டி கூரிக்னு ஒரு பிரபல டிவி தொகுப்பாளர். அவங்க கணவர் ஜே மோனஹன் 1998-ல, 42 வயசுல பெருங்குடல் புற்றுநோயால இறந்துட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு கேட்டி தனக்கு நடந்த கொலோனோஸ்கோப்பியை டிவியில காட்டினாங்க. காலைல காபி குடிச்சுக்கிட்டு நியூஸ் பார்க்கிற ஜனங்க முன்னாடி தன்னோட குடலைக் காட்டுறதுக்கு ஒரு தைரியம் வேணும். அதுக்குப் பிறகு அமெரிக்காவுல கொலோனோஸ்கோப்பி எண்ணிக்கை சுமார் 20 சதவீதம் கூடுச்சுன்னு ஆய்வாளர்கள் கணக்கிட்டாங்க. அதுக்கு ‘கேட்டி கூரிக் விளைவு’ன்னே பேரு வெச்சாங்க.

இந்த நோயோட பெரிய பிரச்சினை இங்கதான் இருக்கு. பேசக் கூச்சமான இடத்துல வர்ற நோய் இது. யாராவது ஒருத்தர் முதல்ல வாயைத் திறந்தா மத்தவங்களும் பேசுவாங்க.

ஆத்துல கலந்த சாயம்

இப்போ சிகாகோவுக்குப் போவோம். செயின்ட் பாட்ரிக்ஸ் டே கொண்டாட்டத்துக்கு அங்க ஆத்தையே பச்சையாக்குவாங்க, வீடியோ பார்த்திருப்பீங்க. அது எப்படி ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? பிளம்பர்களால!

1960களின் தொடக்கத்துல எந்தெந்தக் கட்டடம் கழிவைத் திருட்டுத்தனமா ஆத்துல விடுதுன்னு கண்டுபிடிக்க, பிளம்பர்கள் குழாய்கள்ல ஒரு சாயத்தை ஊத்திப் பார்த்தாங்க. சாயம் ஆத்துல தெரிஞ்சா அந்தக் கட்டடம் மாட்டிக்கும். அப்படி வேலை பார்த்த ஒரு தொழிலாளியோட வெள்ளை உடுப்பு முழுக்க பச்சைக் கறை. அதைப் பார்த்த பிளம்பர் சங்கத் தலைவர் ஸ்டீபன் பெய்லிக்கு ஒரு ஐடியா வந்துச்சு. 1962-ல 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ சாயத்தை ஆத்துல கொட்டினாங்க. ஒரு வாரம் ஆறு பச்சையாவே இருந்துச்சு. அப்புறம் தாவரச் சாயத்துக்கு மாறி, அளவையும் குறைச்சுட்டாங்க. இன்னொரு வேடிக்கை, கொட்டுற பொடி ஆரஞ்சு நிறம். தண்ணியில பட்டாதான் பச்சை.

குழாய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாம நடக்கிறதை வெளியில தெரிய வைக்கத்தான் அந்தச் சாயம். குடல் பரிசோதனையும் இதே தர்க்கம்தான். பெருங்குடல்ங்கிறது சுமார் ஒன்றரை மீட்டர் நீளக் குழாய். அதோட உள்சுவர்ல சின்னச் சின்னதா சதை வளரும், அதுக்குப் பேரு பாலிப். பெரும்பாலான பாலிப் ஒண்ணும் செய்யாது. சிலது மட்டும், பெரும்பாலும் பத்து வருஷம் போல எடுத்துக்கிட்டு, புற்றுநோயா மாறும். அந்தப் பத்து வருஷத்துல பல பேருக்கு வலியே இருக்காது. ஆனா பாலிப்போ கட்டியோ அப்பப்போ துளித்துளியா ரத்தம் கசியும். அது மலத்தோட கலந்து போயிடும், கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடுறதுதான் ஃபிட் டெஸ்ட். வீட்டுலயே ஒரு சின்னக் குச்சியால மலத்துல தொட்டு, டியூப்ல போட்டு மூடி லேபுக்கு அனுப்பணும். மனித ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை மட்டும் அது தேடும். அதனால முந்தின நாள் மட்டன் சாப்பிட்டீங்களான்னு கவலைப்பட வேண்டாம். அயர்லாந்துல ‘பவல்ஸ்கிரீன்’ங்கிற அரசுத் திட்டம் 2012-ல ஆரம்பிச்சு, இந்தக் கிட்டை தபால்ல வீட்டுக்கே இலவசமா அனுப்புது. முதல்ல 60 முதல் 69 வயசு வரைதான் இருந்துச்சு. இப்போ வயசு வரம்பைப் படிப்படியா விரிவாக்கிட்டு இருக்காங்க.

தட்டுலயும் கிளாஸ்லயும் என்ன இருக்கு?

அமெரிக்காவுல இந்த நாளோட சாப்பாடு ‘கார்ன்டு பீஃப்’பும் முட்டைக்கோஸும். ‘கார்ன்’னா இங்க சோளம் இல்ல, கல்லுப்பு. உப்புல ஊற வெச்ச மாட்டிறைச்சி. அயர்லாந்துல வழக்கமா பேக்கனும் முட்டைக்கோஸும்தான். நியூயார்க்குக்குக் குடியேறின ஐரிஷ் மக்கள், அங்க யூதக் கசாப்புக் கடைகள்ல மலிவா கிடைச்ச கார்ன்டு பீஃபுக்கு மாறிட்டாங்க.

2015-ல உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்தின இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பிரிவுல சேர்த்துச்சு. பேக்கன், சாசேஜ், கார்ன்டு பீஃப் எல்லாமே இதுல வரும். தினமும் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும்னு சொன்னாங்க. இங்க ‘தினமும்’ங்கிற வார்த்தை முக்கியம். வருஷத்துல ஒரு நாள் பண்டிகைச் சாப்பாட்டைப் பத்தி யாரும் பேசல. காலைல சாசேஜ் சாண்ட்விச், சாயங்காலம் பெப்பரோனி பீட்ஸான்னு போற வாழ்க்கையைப் பத்திதான் பேசுறாங்க.

அதே முதல் பிரிவுல மதுவும் இருக்கு. அயர்லாந்துல 1927-ல ஒரு சட்டம் போட்டு, 1960களின் தொடக்கம் வரைக்கும் செயின்ட் பாட்ரிக்ஸ் டே அன்னைக்கு பப்பையே மூடி வெச்சிருந்தாங்கன்னா நம்புவீங்களா? இன்னைக்குக் கதை வேற. ஆனா அதே நாடுதான் 2023-ல, மது பாட்டில் மேல புற்றுநோய் எச்சரிக்கை லேபிள் கட்டாயம்னு விதி போட்டுச்சு. 2026-ல அமலுக்கு வரணும், இப்போ 2028-க்குத் தள்ளிப் போட்டிருக்காங்க.

மலத்தை எடை போட்ட ஐரிஷ் டாக்டர்

இந்த எபிசோடோட ஹீரோ இவர்தான். டெனிஸ் பர்கிட், 1911-ல வட அயர்லாந்துல எனிஸ்கில்லன்ல பிறந்தவர். சின்ன வயசுல ஒரு கண்ணை இழந்துட்டார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில மருத்துவம் படிச்சு, உகாண்டாவுல பல வருஷம் சர்ஜனா வேலை பார்த்தார். ‘பர்கிட் லிம்ஃபோமா’ இவர் பேர்லதான் இருக்கு.

அங்க அவர் கவனிச்ச இன்னொரு விஷயம்: ஆப்பிரிக்கக் கிராமங்கள்ல பெருங்குடல் புற்றுநோய் ரொம்ப அபூர்வம். இங்கிலாந்துலயோ சர்வ சாதாரணம். காரணம் சாப்பாட்டுல இருக்கிற நார்ச்சத்தா இருக்கும்னு நினைச்சார். எப்படிச் சோதிச்சார்? ரெண்டு ஊர் ஜனங்களோட மலத்தையும் எடை போட்டார். சாப்பாடு உள்ள போய் வெளிய வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்தார். கிராமத்து ஆப்பிரிக்கர்களுக்கு மலம் அதிகம், நேரம் குறைவு. பிரிட்டிஷ்காரங்களுக்கு நேர் தலைகீழ்.

அவர் சொன்ன எல்லாமே நிக்கல. ஆனா மையக் கருத்து நின்னுச்சு. 2015-ல ஒரு ஆய்வுல, 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களும் 20 தென்னாப்பிரிக்கக் கிராமத்தினரும் ரெண்டு வாரத்துக்குச் சாப்பாட்டை மாத்திக்கிட்டாங்க. அமெரிக்கர்களோட நார்ச்சத்து தினம் 14 கிராம்ல இருந்து 55 கிராமுக்குப் போச்சு. ரெண்டே வாரத்துல அவங்க குடல் சுவர்ல அழற்சி குறைஞ்சுது. மறுபக்கம் நார்ச்சத்து குறைஞ்சவங்களுக்குப் புற்றுநோய் ஆபத்தைக் காட்டுற அளவுகள் ஏறுச்சு. ஆக, அந்த பண்டிகைத் தட்டுல குடலுக்கு நல்லது எதுன்னு கேட்டா, முட்டைக்கோஸ்தான்.

“ஹேங்ஓவர் பத்தி எல்லார்கிட்டயும் சொன்னேன்”

என் டப்ளின் டீம்ல ஒருத்தர். பேர் வேண்டாம். வயசு 36, வாராவாரம் கால்பந்து ஆடுவார். டாய்லெட் பேப்பர்ல ரத்தம் பார்த்திருக்கார். பைல்ஸ்தான்னு அவரே முடிவு பண்ணிக்கிட்டார். ஏழெட்டு மாசம் மனைவிகிட்ட கூடச் சொல்லல. அப்புறம் மாடி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. ரத்தப் பரிசோதனையில இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. கொலோனோஸ்கோப்பி பண்ணினா கட்டி. நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்துச்சு, மூணாம் கட்டம். ஆபரேஷன், ஆறு மாசம் கீமோ. இப்போ வேலைக்குத் திரும்பிட்டார். அவர் என்கிட்ட சொன்னது இதுதான்: “ஹேங்ஓவர் பத்தி ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். இதை மட்டும் யார்கிட்டயும் சொல்ல முடியல.”

இது ஒருத்தரோட கதை மட்டும் இல்ல. ‘பிளாக் பேந்தர்’ சாட்விக் போஸ்மன் 2020-ல இறக்கும்போது வயசு 43. அமெரிக்காவுல புதுசா கண்டறியப்படுறவங்கள்ல 55 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க 1995-ல 11 சதவீதம், 2019-ல 20 சதவீதம். அதனாலதான் அங்க பரிசோதனை ஆரம்பிக்கிற வயசை 2021-ல 50-ல இருந்து 45 ஆக்கினாங்க. இளைஞர்கள்கிட்ட ஏன் கூடுதுன்னு முழுசா இன்னும் விளங்கல. கட்டி குடலை விட்டுப் பரவுறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா, அஞ்சு வருஷம் தாண்டி வாழ்றவங்க சுமார் 90 சதவீதம். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிட்டா சுமார் 15 சதவீதம்தான்.

நம்ம ஊர்ல அரசு ஸ்கிரீனிங் திட்டத்துல வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கு, குடல் இல்ல. வீட்டுக்கு எந்தக் கிட்டும் தபால்ல வராது. அதனால அறிகுறியை நாமதான் கவனிக்கணும். 2023-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, 50 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு நாலு அறிகுறிகளைச் சொல்லுது:

- மலத்துல ரத்தம்
- விடாத வயித்து வலி
- நிக்காத வயித்துப்போக்கு
- இரும்புச்சத்துக் குறைவால வர்ற ரத்தசோகை

இதெல்லாம் பெரும்பாலும் வேற காரணத்தால வரும். பைல்ஸாவும் இருக்கலாம். ஆனா அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், கூகுள் இல்ல. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க யாருக்காவது இந்த நோய் வந்திருந்தா, 40 வயசுலயோ, அவங்களுக்கு வந்த வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடியோ, எது முதல்ல வருதோ அப்போ பரிசோதனையை ஆரம்பிக்கணும்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்லிடறேன். பச்சை பீர் குடிச்ச மறுநாள் மலம் பச்சையா போனா பதறாதீங்க, அது ஃபுட் கலர். பீட்ரூட் சாப்பிட்டா சிவப்பா போகும். இதெல்லாம் ஓரிரு நாள்ல சரியாயிடும். சரியாகலன்னா, இல்ல தார் மாதிரி கறுப்பா போனா, டாக்டரைப் பாருங்க. கொலோனோஸ்கோப்பிக்கு முந்தின நாள் தெளிவான திரவம் மட்டும்தான் குடிக்கலாம். அதுலயும் சிவப்பு, ஊதா ஜெல்லி வேண்டாம்பாங்க, கேமராவுல ரத்தம் மாதிரி தெரியும். பச்சை ஜெல்லிக்கு பெரும்பாலும் தடை இல்ல. ஐரிஷ்காரங்க சந்தோஷப்படலாம்!

சரி, இந்த மார்ச் 17-க்கு என்ன பண்ணலாம்? கொண்டாடுங்க. பச்சை போடுங்க, ஒரு நீல ரிப்பனும் குத்துங்க. இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு போன் பண்ணும்போது, “நம்ம குடும்பத்துல யாருக்காவது குடல்ல புற்றுநோய் வந்திருக்கா?”ன்னு அம்மாகிட்டயோ அப்பாகிட்டயோ கேளுங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும். பதில் ‘ஆமா’ன்னா, இந்த மாசமே ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்க. இது பொதுவான தகவல்தான், உங்க உடம்புக்கு என்ன வேணும்னு உங்க டாக்டர்தான் சொல்லணும்.

உங்க கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, கூச்சமே வேண்டாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.