மஞ்சள் போயாவின் வயிற்றுக்குள்ளே!

பள்ளிக்கரணையில் கடல் கிடையாது. சதுப்பு நிலம் உண்டு, நாரை உண்டு, வேளச்சேரி–தாம்பரம் சாலையின் ஹாரன் சத்தம் தாராளமாக உண்டு. ஆனால் வங்காள விரிகுடாவின் நடுவே அலை இப்போது எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று தெரிந்தவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்! 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இதுதான். வாசலில் பேர் எழுதிக் கொடுத்து, பையைத் திறந்து காட்டி, கழுத்தில் பாஸை மாட்டியாச்சு. வாங்க, சேர்ந்தே போவோம்.

என் ஊர் ஒற்றசேகரமங்கலம். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம். எங்கள் பக்கத்து நெய்யாறு பூவாற்றில் போய்க் கடலில் விழும். பூவாற்று மணலில் நின்று தூரத்தில் மிதக்கும் எதையாவது பார்த்து "போயா, போயா" என்று கத்திய வயசு எனக்கும் இருந்தது. அதே போயா, கடலை அளக்கும் மிதவை, இன்று கைக்கெட்டும் தூரத்தில். வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்காமல் என்ன செய்யும்?

முதல் அதிர்ச்சி அதன் உருவம். கடலில் எலுமிச்சம்பழம் போலத் தெரிவது தரையில் ஒரு கல்யாணச் சமையல் அண்டாவைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது. மஞ்சள் பெயின்ட், மேலே கம்பிக் கூண்டு, சுற்றிலும் சோலார் தகடு, உச்சியில் காற்றைப் பிடிக்கும் கருவி. பக்கத்திலேயே சங்கிலிக் குவியல், தொடைப் பருமனில் சுருட்டிய கயிறு, பெயின்ட் டப்பா, யாரோ பாதி குடித்து மறந்த டீ. டீயின் மேல் ஆடை கட்டியிருக்கிறது.

கடலிலிருந்து திரும்பி வந்த போயாவுக்கு முதல் மரியாதை, சுரண்டல்! அடிப்பகுதி முழுக்கக் கொட்டலசு என்கிற ஓட்டு உயிரி. கல்லைப் போல ஒட்டிக்கொண்டு இடத்தை விடமாட்டேன் என்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்து தகட்டால் சுரண்டச் சுரண்ட, சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. வாடை? மீன் சந்தையை மத்தியானம் பூட்டி வைத்து சாயங்காலம் திறந்தால் எப்படி இருக்கும், அப்படி. "மேல் பக்கத்தை மறந்துட்டீங்களே" என்று ஒருவர் சிரிக்கிறார். சோலார் தகட்டில் கடல் பறவைகள் வைத்துவிட்டுப் போன வெள்ளைக் கையெழுத்து. நடுக்கடலில் அவற்றுக்கு உட்கார வேறு திண்ணை ஏது?

நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தபடி மூத்த தொழிலாளி ஒருவர் என் பேச்சைக் கவனித்துவிட்டார். "எந்த ஊரு மக்கா?" சொன்னேன். முகமெல்லாம் சிரிப்பு. "அட, நமக்க பக்கம்! நான் குளச்சலு." அவ்வளவுதான், அதற்கப்புறம் எனக்குத் தனி வழிகாட்டி கிடைத்தாயிற்று.

"மூடியைத் திறக்கேன், எட்டிப் பாரு" என்றார் அண்ணாச்சி. பார்த்தேன். பேட்டரிகள், வயர்கள், தண்ணீர் புகாத பெட்டிகள். போயா அலையோடு ஏறி இறங்குவதை உள்ளே இருக்கும் உணரி கணக்கு வைத்துக்கொள்கிறது. தொட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று பிள்ளையே எழுதி வைத்த மாதிரி. காற்று, அழுத்தம், வெப்பம் எல்லாம் சேர்ந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு வந்துவிடும். கயிற்றில் கோத்த உணரிகள் 500 மீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் ருசி பார்க்கின்றன. கடலில் போயா மிதக்கவிடும் திட்டம் 1996-ல் தொடங்கியது.

அடுத்த மேசையில்தான் கதாநாயகன். சுனாமி போயாவின் ஜோடி, கடல் தரையில் உட்காரும் அழுத்தமானி. சுனாமி ஆழ்கடலில் வானளாவ எழுவதில்லை. ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் ஜெட் விமான வேகத்தில் ஓடும். மேலே போகிற கப்பலுக்குக்கூடத் தெரியாது. ஆனால் கிலோமீட்டர்க் கணக்கான தண்ணீருக்கு அடியில் இருக்கும் இந்தக் கருவிக்கு, மேலே நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் தெரிந்துவிடும்! தெரிந்ததும் ஒலியால் மேலே உள்ள போயாவுக்குச் சொல்லும். போயா வானத்துக்குச் சொல்லும். வானம் நமக்குச் சொல்லும்.

அண்ணாச்சி கொஞ்சம் மௌனமானார். 2004 டிசம்பர் 26, நம் நேரப்படி காலை 6.28-க்கு சுமத்ராவில் பூமி குலுங்கியது. அலை சென்னைக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. குளச்சலுக்கு வர அதைவிட நேரமானது. "அவ்வளவு நேரம் இருந்துச்சு மக்கா. சொல்லத்தான் ஆள் இல்ல." அன்று இந்தியப் பெருங்கடலில் ஒரு சுனாமி போயாகூட இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராப் பக்கம் 8.6 அளவில் குலுங்கியபோது, பெரிய அலை வரவில்லை என்பதை இந்த மாதிரிக் கருவிகள் காட்டிக்கொடுத்தன.

சோகத்தை நீளவிடுகிற ஆள் இல்லை அவர். உடனே கப்பல் கதை. 'சாகர் நிதி', 'சாகர் மஞ்சுஷா' மாதிரிக் கப்பல்களில் போயாவை ஏற்றிப் போவார்கள். முதலில் போயாவை இறக்கி, பிறகு கயிற்றை மணிக்கணக்காக விட்டுக்கொண்டே போய், கடைசியில் டன் கணக்கான நங்கூரத்தைத் தள்ளவேண்டும். தொப்பென்ற சத்தம் கேட்டதும் கைதட்டல். "அதுக்குள்ள புதுசா வந்த பட்டதாரிப் பையன் நாலு வாட்டி வாந்தி எடுத்திருப்பான்" என்று கண்ணடிக்கிறார். பக்கத்தில் ஸ்பானரோடு நின்ற இளைஞர் காதெல்லாம் சிவந்து, "அண்ணே, மூணு தடவதான்!" என்கிறார்.

போயாவுக்குப் பெரிய எதிரி யார்? புயல் என்று சொன்னேன். தப்பு! போயாவின் நிழலில் மீன் கூடும். மீன் கூடினால் படகும் கூடும். யாராவது கயிறு கட்டி இழுப்பார்கள், சிலர் சோலார் தகட்டையே கழற்றிப் போவார்கள். அதோடு அந்தப் போயா ஊமை.

கடைசி நிறுத்தம், திரைகள் மின்னும் குளிர் அறை. வரைபடத்தில் புள்ளிகள்; ஒவ்வொரு புள்ளியும் ஒரு போயா, வெளியே யாரோ சுரண்டி, பெயின்ட் அடித்து, மூடி முறுக்கி அனுப்பியது. கரையோரத்தில் கொல்லம், தூத்துக்குடி, புதுச்சேரி போன்ற இடங்களில் ஹைதராபாத் மையத்தின் சின்ன அலைமானி மிதவைகளும் உண்டு.

"நமக்க கடப்புறத்து வார்த்தை ஒண்ணு உலகத்துக்கே போயிருக்கு, தெரியுமா?" தெரியும் அண்ணாச்சி! கள்ளக்கடல். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் புயல் கிளப்பிய அலை, நம் கரையில் காற்றே இல்லாத நாளில் திருடன் மாதிரி வீட்டுக்குள் நுழையும். நம் மீனவர்கள் வைத்த அந்தப் பெயரை யுனெஸ்கோ 2012-ல் ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம், கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த வேளையில், கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது.

வெளியே வந்தபோது என் சட்டையிலும் கொட்டலசு வாடை. துவைக்க மனசில்லை. இனி உங்கள் போனில் 'கள்ளக்கடல், கடலில் இறங்க வேண்டாம்' என்று ஒரு வரி வந்தால், வானம் தெளிவாக இருக்கிறதே என்று அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள். கரையை விட்டு நாலடி பின்னால் நில்லுங்கள். கடலுக்குப் போகிற சொந்தக்காரர் இருந்தால் இதையும் சொல்லிவிடுங்கள்: மஞ்சள் போயாவில் படகைக் கட்டாதீங்க.