பாட்டுப் போட்டியில் அனுதாப அலை

‘அனுதாப அலை’ என்ற சொல் தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தேர்தல் களத்திலிருந்து அறிமுகமானது. இந்திரா காந்தியின் படுகொலையும் எம்.ஜி.ஆரின் உடல்நலக் குறைவும் 1984-இலும், ராஜீவ் காந்தியின் படுகொலை 1991-இலும் வாக்குப்பெட்டிகளை நிரப்பியதைக் கண்டவர்கள் நாம். அதே அலை பாட்டுப் போட்டி மேடைக்கும் வருவதுண்டு. விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ நான்காம் பருவ இறுதிச்சுற்று 2015 பிப்ரவரியில் நடந்தபோது அது நம் வீட்டுக் கூடத்துக்கே வந்தது.

கனடாவிலிருந்து வந்து பங்கேற்ற ஈழத் தமிழ்ச் சிறுமி ஜெசிக்கா, இறுதிச்சுற்றில் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ திரைப்படத்தில் தாய்மண்ணைப் பிரிவோரின் துயரைச் சொல்லும் பாடலைத் தேர்ந்தெடுத்தார். முள்ளிவாய்க்கால் முடிந்து ஆறு ஆண்டுகள்கூட நிறைவடையாத காலம் அது. இணையவழி வாக்களிப்புக்கு நாட்டெல்லை இல்லை. தாம்பரத்திலோ கோவளத்திலோ தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தவரின் அதே வாக்குரிமை டொரண்டோவிலும் லண்டனிலும் இருந்த தமிழருக்கும் கிடைத்தது. ஸ்பூர்த்தி முதலிடம் பெற்றார், ஜெசிக்கா இரண்டாமிடம். பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கம் ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்கு வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

வாக்கு விழுந்தது குரலுக்கா, குருதிக்கா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அந்தக் கேள்வியே அரைகுறையானது என்பது என் கருத்து. இறுதிச்சுற்று வரை ஒருவரைக் கொண்டு சேர்ப்பது திறமை. அதன்பின் திறமையில் ஏறக்குறைய சமமானவர்களுக்கிடையே ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது, ரசிகர் தம் வாழ்வோடு ஒட்டியதைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பென்ன இருக்கிறது? தம் குரல் எங்கும் எடுபடவில்லை என்று கருதும் மக்களுக்கு, எண்ணிக்கையில் கணக்கிடப்படும் எந்த மேடையும் வாக்குச்சாவடியாகவே தோன்றும்.

இதற்கு டார்ஜீலிங்கைவிடத் தெளிவான சான்று இந்தியாவில் இல்லை. 2007-இல் ‘இந்தியன் ஐடல்’ மூன்றாம் பருவத்தின் இறுதிச்சுற்றில் கொல்கத்தா காவல்துறைக் காவலர் பிரசாந்த் தமாங்கும், ஷில்லாங்கைச் சேர்ந்த அமித் பாலும் மோதினர். மலையெங்கும் ரசிகர் குழுக்கள் நிதி திரட்டி, குறுஞ்செய்தி வழியே வாக்குகளைக் குவித்தன. செப்டம்பரில் கோர்க்கா இளைஞரான பிரசாந்த் வென்றார். அடுத்த சில நாள்களில், டெல்லி பண்பலை வானொலியில் அவரைக் குறித்து ஒலித்த ஏளனப் பேச்சால் சிலிகுரியில் கலவரம் மூண்டு, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு, ராணுவம் அழைக்கப்பட்டது. பிரசாந்துக்கு ஆதரவு திரட்டுவதில் முன்னின்ற பிமல் குருங் அக்டோபர் 7 அன்று கோர்க்கா ஜனமுக்தி மோர்ச்சாவைத் தொடங்கினார். இருபது ஆண்டுகளாக மலை அரசியலைத் தம் பிடியில் வைத்திருந்த சுபாஷ் கிசிங், அடுத்த ஆண்டே மலை மன்றப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. கோர்க்கா தனிமாநிலக் கோரிக்கை பாட்டுப் போட்டியில் பிறந்ததல்ல. ஆனால் சிதறிக்கிடந்தவர்களை ஒரே வேலைக்காக ஒருங்கிணைக்கும் பயிற்சியை அந்தக் குறுஞ்செய்திகள் தந்தன. மறுபுறம், பழங்குடியினருக்கும் வெளியிலிருந்து வந்தோருக்கும் இடையே நெடுநாள் பூசல் நிலவிய மேகாலயத்தில், வங்காளியான அமித் பாலை ஊரே தன் பிள்ளையாகக் கொண்டாடியது. மாநில அரசு அவரை அமைதிக்கும் நல்லிணக்கத்துக்குமான தூதராக அறிவித்தது. ஒரே போட்டி, ஓரிடத்தில் பிளவையும் மற்றோரிடத்தில் இணைப்பையும் உண்டாக்கியது.

ஐரோப்பாவில் 1956 முதல் நடைபெறும் யூரோவிஷன் போட்டி இதே சிக்கலில் நெடுங்காலமாக உழல்கிறது. கிரேக்கமும் சைப்ரஸும் ஒன்றுக்கொன்று 12 புள்ளிகளை வாரி வழங்குவது அங்கே பழைய நகைச்சுவை. தம் நாட்டுப் பாடகருக்குத் தாமே வாக்களிக்கக் கூடாது என்பது விதி. மக்கள் வாக்கு மட்டுமே தீர்மானித்தால் அண்டை நாட்டுப் பாசமே வெல்கிறது என்ற குறை எழுந்ததால், 2009 முதல் இறுதிச்சுற்றில் பாதி மதிப்பெண் இசை வல்லுநர் குழுக்களிடம் விடப்பட்டது.

இருந்தும் அலை அடங்கவில்லை. 2022 மே மாதம் டுரின் நகரில், ரஷியப் படையெடுப்புக்கு ஆளாகியிருந்த உக்ரைன், நடுவர் கணக்கில் 192 புள்ளிகளுடன் நான்காமிடத்தில் இருந்தது. மக்கள் வாக்கில் அதற்குக் கிடைத்தவை 439 புள்ளிகள். அதிகபட்சமே 468 தான். உக்ரைன் வென்றது. கோப்பை 9 லட்சம் டாலருக்கு ஏலம் போய், அந்நாட்டு ராணுவத்துக்கான ட்ரோன்களுக்கு நிதியானது.

அந்த வெற்றியைப் பலரும் மனமுவந்து பாராட்டினர். ஆனால் 2025-இல் பாசெல் நகரில் இஸ்ரேல் நடுவர்களிடம் 60 புள்ளிகளும் மக்கள் வாக்கில் முதலிடமாக 297 புள்ளிகளும் பெற்று இரண்டாமிடத்துக்கு வந்தபோது, வாக்குமுறையே ஐயத்துக்குள்ளானது. காஸா போர் நடந்துகொண்டிருந்த வேளையில், அரசு ஆதரவுடன் நடந்த வாக்குத் திரட்டல் விளம்பரங்கள் கண்டனத்துக்குள்ளாயின. போட்டியை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம், ஒருவர் அளிக்கக்கூடிய வாக்குகளை 20-இலிருந்து 10 ஆகக் குறைத்தது. அரசுகளின் ஆதரவுடன் நடக்கும் பெருவிளம்பரங்களுக்கும் கட்டுப்பாடு விதித்தது. நமக்குப் பிடித்தவருக்கு விழுந்தால் மனிதநேயம், பிடிக்காதவருக்கு விழுந்தால் முறைகேடு என்று சொல்வது எளிது. எவருக்கு விழுந்தாலும், அரசோ அமைப்போ காசு செலவிட்டுத் திரட்டிய வாக்குக்கும் தனிமனிதர் தம் நெஞ்சு தூண்டி அளித்த வாக்குக்கும் வேறுபாடு உண்டு. முன்னதைத் தடுக்க விதி வேண்டும். பின்னதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை.

நம்மூர்ப் போட்டிகளில் இன்னொரு கவலையும் உண்டு. பாடுவோர் பள்ளிப் பிள்ளைகள். ஒரு சமூகத்தின் வலியைச் சுமக்கும் அடையாளமாகப் பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தையை நிறுத்திவிட்டு, முடிவு வந்தபின் அவள் வென்றது தகுதியாலா தயவாலா என்று ஊர் விவாதிப்பது கொடுமை. முதலிடம் பெற்ற குழந்தைக்கும் அந்த விவாதம் அநீதியே.

இதற்கு எளிய வழி, நடுவர் மதிப்பெண்ணையும் மக்கள் வாக்கையும் தனித்தனியே வெளியிடுவது. யூரோவிஷனில் இறுதிச்சுற்று முடிந்ததும் எந்த நாட்டின் நடுவர்கள் யாருக்கு எத்தனை புள்ளி தந்தனர், அந்நாட்டு மக்கள் யாரைத் தேர்ந்தெடுத்தனர் என்ற முழு விவரமும் பொதுவெளிக்கு வந்துவிடுகிறது. உக்ரைனின் 192-ஐயும் 439-ஐயும் நாம் இங்கே பிரித்துப் பேச முடிவதே அதனால்தான். பல கோடி செலவில் இறுதிச்சுற்று நடத்தும் நம் தொலைக்காட்சிகளுக்கு, அப்படியொரு பட்டியலை வெளியிட ஒரு பக்கம் போதும்.