இணையத்தள முகாமைத்துவத்திற் செருகுநிரல்கள்

ஒரு நிறுவனத்தின் இணையத்தளம் அதன் பொதுவாயிலாகும். அறிவித்தல்களும் பரீட்சைப் பெறுபேறுகளும் அவ்வாயில் வழியே வெளிவருகின்றன. அத்தளம் ஒரு நாள் எழுத்தொன்றுமின்றி வெண்டிரையாய்த் தோன்றுமாயின், அதனை நம்பியிருப்போர் இடர்ப்படுவர். பல வேளைகளில் இக்கேட்டிற்குக் காரணமாவன செருகுநிரல்களே. ஆதலின் அவற்றின் இயல்பும், பழுது காணும் முறையும் அறியத்தக்கன.

நிரலெழுத அறியாதாரும் கட்டுரைகளையும் படங்களையும் தளத்திலேற்றி ஒழுங்குசெய்ய உதவுவது உள்ளடக்க முகாமைத்துவ முறைமை. இவ்வகையிற் பெருவழக்காயுள்ளது வேர்ட்பிரஸ். பீ2 என்னும் முன்னைய மென்பொருளை அடியாகக் கொண்டு மாற் முலென்வெக், மைக் லிற்றில் என்னும் இருவர் இதனை 2003 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். செருகுநிரல்களை ஏற்கும் அமைப்பு 2004 இல் வந்த 1.2 ஆம் பதிப்பில் இடம்பெற்றது.

மூலநிரல் தன் தொழிலைச் செய்து செல்லுங்கால், குறித்த சில இடங்களில் நின்று, ஆங்குச் செய்தற்குரியது வேறுளதோ என நோக்குகின்றது. அவ்விடங்கள் கொளுக்கிகள் எனப்படும். அவை இருவகையின. ஒன்று, கட்டுரை வெளியானதும் மின்னஞ்சல் அனுப்புதல் போன்ற புதுச்செயலை நிகழ்த்துவது; மற்றையது, கட்டுரையின் ஈற்றில் ஒரு வரி சேர்த்தல் போலச் செல்லும் பொருளை மாற்றித் தருவது. மூலநிரலையே திருத்தினால், புதிய பதிப்பை ஏற்றும்போது அத்திருத்தம் அழிந்துபோம். செருகுநிரலோ தனியே நிற்றலின் அழிவதில்லை.

எனினும், தனித்தனியே எழுதப்பட்ட இவை யாவும் ஒரே களத்தில் இயங்குகின்றன. பீ.எச்.பி. மொழியில் ஒரே பெயருடைய செயற்கூறுகள் இரண்டு அமைதல் கூடாது. அமையின் இயக்கம் அக்கணமே நின்றுவிடும். சேவைக்கணினியில் அம்மொழியின் பதிப்பு மாறுதலும், நினைவக அளவு போதாமையும் பிற காரணங்களாம்.

பழுது காணப் புகுமுன் கோப்புகள், தரவுத்தளம் ஆகிய இரண்டிற்கும் படியெடுத்து வைத்தல் வேண்டும். அடுத்து, வழுப்பதிவேட்டை நோக்குதல் நன்று. வழு நேர்ந்த கோப்பும் வரியெண்ணும் அதிலிருக்கும். கோப்புறையின் பெயரே குற்றமுடைய செருகுநிரலைக் காட்டிவிடும். 2019 இல் வந்த 5.2 ஆம் பதிப்பு முதலாக, இத்தகைய வழு நேரின் நிருவாகிக்கு மீட்பு இணைப்பொன்று மின்னஞ்சலிற் செல்லும் ஏற்பாடும் உளது.

நிருவாகப் பகுதியினுட் புகவே இயலாதாயின், செருகுநிரற் கோப்புறையின் பெயரை மாற்றுதல் வேண்டும். மூலநிரல் அவற்றைக் காணாமையால் இயக்காது. தளம் மீண்டெழுமாயின் குற்றம் அவற்றுள்ளேயே உளதென்பது துணிவு. பின்னர் நிருவாகப் பகுதியிற் செருகுநிரற் பக்கத்தை ஒருமுறை திறந்து, அதன்மேற் பழைய பெயரை மீட்டால், யாவும் முடக்கப்பட்ட நிலையில் நிற்கும்.

இனிக் குற்றமுடையதைத் தேர்தல் எஞ்சியுளது. பதினாறு செருகுநிரல்கள் உளவெனின், ஒவ்வொன்றாகச் சோதித்தால் பதினைந்து சோதனைகள் வரை வேண்டப்படலாம். எட்டை இயக்கி, குற்றம் தோன்றிய பாதியை மட்டும் மீளப் பாதியாக்கிச் சென்றால் நான்கு சோதனைகள் போதும். இரு பாதிகளும் தனித்தனியே செவ்வனே இயங்கி, ஒன்றுசேர்ந்தவிடத்து மட்டும் பழுது தோன்றுமாயின், குற்றம் ஒன்றனதன்று. இரண்டன் முரண்பாடு எனக் கொள்ளல் வேண்டும்.

பழுது நேராமற் காத்தலே சிறந்தது. டிஸ்பிளே விட்ஜெற்ஸ் என்னும் செருகுநிரல் ஏறத்தாழ 2 இலட்சம் தளங்களில் இருந்தது. அது வேறொருவர் கைக்கு மாறியபின், தீய நிரற்பகுதி அதனுட் புகுத்தப்பட்டமையால் 2017 இல் களஞ்சியத்தினின்றும் நீக்கப்பட்டது. எனவே, ஆக்கியோர் தொடர்ந்து பேணுகின்றனரோ என ஆராய்தலும், வேண்டாதவற்றை முடக்கி விடாது அறவே அகற்றுதலும், புதுப்பதிப்புகளை முதலிற் சோதனைத் தளத்தில் ஏற்றிப் பார்த்தலும் தளம் காப்போரின் கடனாகும். செருகுநிரல்களின் எண்ணிக்கை தளத்தின் தேவையளவாய் அமைதலே நலம் பயக்கும்.