பள்ளிச் சுகாதாரமும் மாணவர் பங்கும்

கிராம முன்னேற்றத்தின் முதற்படி பாடசாலை என்று நாம் பல்லாண்டுகளாகக் கூறி வருகிறோம். அப்பாடசாலையின் முதற்படி தூய்மை என்பதை அத்துணை அழுத்தமாகக் கூறுவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள ஊர்களை எடுத்துக்கொள்வோம். இங்கு ஏரிப் பாசன நிலங்களை அடுத்துத் தொழிற்பூங்காக்களும், அவற்றை அடுத்துத் தொழிலாளர் குடியிருப்புகளும் பெருகியுள்ளன. மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் ஒருவர் கையிலுள்ள கிருமி ஊரார் அனைவருக்கும் பொதுவாகிவிடுகிறது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகேயுள்ள ஆலையொன்றில் பணிபுரிந்த பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சானது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் பணியாற்றியோர் நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். பெரியோர் விடுதியிலேயே இந்நிலை நேருமாயின், சிறுவர் கூடியுண்ணும் பள்ளியில் எத்துணை விழிப்பு வேண்டும்!

காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை நாம் அறிவோம். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. ஆகவே இன்று அப்பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு இருமுறை உண்கின்றனர். இருமுறையும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். கைகழுவும் பழக்கம் வயிற்றுப்போக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெளிந்த உண்மை.

பிள்ளைகள் ஏன் கழுவுவதில்லை? சொல்லிக் கொடுக்காததனால் அன்று. 120 பிள்ளைகள் பயிலும் பள்ளியில் இரண்டு குழாய்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒருவருக்கு அரை நிமிடம் ஆனால் அனைவரும் கழுவி முடிக்க 30 நிமிடம் ஆகும். பசித்த பிள்ளை அதுவரை காத்திராது. நீண்ட குழாயொன்றில் 12 துளைகளிட்டு, ஒரே திருகினால் திறக்குமாறு அமைத்தால் அதே வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். உள்ளூர்க் குழாய்ப் பணியாளரே இதனைச் செய்துவிடலாம். வழிந்தோடும் நீரை வாய்க்காலிட்டு வாழைக்கும் முருங்கைக்கும் பாய்ச்சலாம். உழவர்களுக்கு இதனை நாம் கற்பிக்க வேண்டுவதில்லை.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் ஒவ்வொரு பள்ளியிலும் இருத்தல் வேண்டும் என அது விதிக்கிறது. 2014-இல் தொடங்கிய தூய்மைப் பள்ளி இயக்கம், 40 மாணவருக்கு ஒரு கழிப்பறைத் தொகுதி என அளவு வகுத்தது. கட்டடங்கள் பல எழும்பின. ஆயினும் தாழ்ப்பாள் இல்லாத கதவும், நீர் வராத குழாயும் உள்ள கழிப்பறை, இருந்தும் இல்லாததே. வளரிளம் பெண்கள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வாராது நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இங்கேதான் மாணவர் பங்கு பயன் தருகிறது. பள்ளியில் மாணவர் அமைச்சரவை ஒன்றை அமைத்து, சுகாதாரப் பொறுப்பை ஒரு சிறுவனுக்கும் ஒரு சிறுமிக்கும் அளிக்கலாம். காலையிலும் நண்பகலிலும் அவர்கள் நான்கு வினாக்களுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும்: தொட்டியில் நீர் உண்டா? சோப்பு உண்டா? தாழ்ப்பாள் சரியாக உள்ளதா? கழிப்பறை இன்று தூய்மை செய்யப்பட்டதா? கீழ் வகுப்பினரை வரிசைப்படுத்தி, விரலிடுக்கும் நகமும் தேய்க்கக் காட்டுவது மேல் வகுப்பினர் பணியாகட்டும். பொறுப்பு மாதந்தோறும் கைமாற வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளும் இதில் இடம்பெற வேண்டும். அறிவிப்புகளைப் படங்களாக வரைந்தால், தமிழ் இன்னும் பழகாத பிள்ளைக்கும் புரியும்.

எனினும் ஒன்றை ஐயமற உரைக்க வேண்டும். மாணவர் பங்கு என்பது மாணவரைக் கொண்டு கழிப்பறை கழுவுவிப்பது அன்று. 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியொன்றில் பட்டியல் இனப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவச் செய்ததாக எழுந்த புகாரின் பேரில் தலைமை ஆசிரியர் கைது செய்யப்பட்டார். தம் வகுப்பறையைத் தாமே பெருக்குவதும், தாம் உண்ட தட்டைத் தாமே கழுவுவதும் எல்லாப் பிள்ளைகளும் வேறுபாடின்றிச் செய்யத்தக்க நற்பழக்கங்கள். கழிப்பறைத் துப்புரவோ ஊதியமும், கையுறையும், தக்க கருவியும் பெற்ற பணியாளரின் தொழில். ஒரு பிரிவுப் பிள்ளைகளை மட்டும் அதற்கு ஏவுவது, தூய்மையின் பெயரால் தீண்டாமையைக் கற்பிப்பதாகும்.

பிள்ளைகள் எழுதும் குறிப்பேட்டை யாரேனும் படித்தால்தான் பயன் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், உள்ளாட்சி உறுப்பினருக்கும் அதில் இடமுண்டு. மாதக் கூட்டத்தில் அக்குறிப்பேட்டைத் திறந்து, ‘இல்லை’ என்று எழுதிய நாட்களை எண்ணுங்கள். நீங்காத குறையைக் கிராம சபையில் வையுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. பணமில்லை என்ற விடை எப்போதும் பொருந்தாது. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை வழங்கிய ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்குமே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆலைகளுக்கும் 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின்படி சமூகப் பொறுப்பு நிதி உண்டு. பெயர்ப் பலகையுடன் இன்னொரு கட்டடம் கேட்பதைவிட, இருக்கும் கழிப்பறைக்கு நீர் மோட்டாரும், மூன்றாண்டுப் பராமரிப்பும் கேட்பது மேல்.

பள்ளியில் கை கழுவப் பழகிய பிள்ளை, வீட்டில் தட்டின் முன் அமரும்போது தந்தையையும் கழுவச் சொல்லும். அச்சொல்லுக்கு அலுவலர் எவருடைய சொற்பொழிவினும் வலிமை மிகுதி. அப்பிள்ளை பள்ளியில் குழாயைத் திறக்கும்போது நீர் வருமாறு செய்வது நம் கடமை. ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் இவ்வாரமே தத்தம் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, குழாய்களை எண்ணிப் பார்ப்பார்களாக.