சிறு கட்டத்தில் பெருஞ்செய்தி: கைத்தொலைபேசித் தகவற்பலகைகளை மதிப்பிடும் முறை

கைத்தொலைபேசியின் முகப்பில் தீப்பெட்டியளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு, செயலியைத் திறவாமலேயே வெப்பநிலையையும் மழையையும் பேருந்து வரும் நேரத்தையும் காட்டும் சிறு கட்டங்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். விட்ஜெட் எனப்படும் இவற்றை இங்குத் தகவற்பலகை என்றே குறிப்போம். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 1.5 பதிப்பு, எந்நிறுவனமும் இத்தகைய பலகையை உருவாக்க வழி திறந்தது. ஐபோனின் முகப்புத் திரைக்கு இவை 2020ஆம் ஆண்டில், ஐஓஎஸ் 14 பதிப்புடன் வந்தன.

இவற்றை மதிப்பிடுவோர் பெரும்பாலும் நிறத்தையும் வடிவத்தையும் மின்கலச் செலவையும் பேசி முடித்துவிடுகின்றனர். அவையும் வேண்டியவையே. எனினும், ஒரு தகவற்பலகையை நாம் ஒரு நொடிக்கு மேல் பார்ப்பதில்லை. அந்த ஒரு நொடியில் அது என்ன கருத்தை நம் மனத்தில் விட்டுச் செல்கிறது என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.

சிங்கப்பூரில் புகைமூட்டம் சூழும் நாளொன்றை எண்ணிப் பாருங்கள். 2013 சூன் 21ஆம் நாள் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் மூன்று மணிநேர அளவு 401ஐ எட்டியதை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய பருவத்தில், மாணவர்களைத் திடலுக்கு அழைத்துச் செல்லலாமா என அறிய ஆசிரியர் இருவர் தத்தம் கைத்தொலைபேசியைப் பார்க்கின்றனர். ஒருவரது பலகை 94 என்கிறது. மற்றவரது பலகை 137 என்கிறது. இரண்டுமே பிழையற்றவையாக இருக்கலாம். ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5 நுண்துகள் 24 மணிநேரச் சராசரியாக 50 மைக்ரோகிராம் இருந்தால், அந்நுண்துகளை மட்டும் கொண்டு கணக்கிடும்போது சிங்கப்பூர்க் குறியீடு 94ஐத் தரும். அமெரிக்கக் குறியீடு 137ஐத் தரும். முன்னது மிதமான நிலை; பின்னது நோயாளிகள், சிறார் முதலியோருக்குத் தீங்கான நிலை. ஆகவே, எந்நாட்டுக் குறியீடு என்பதைச் சொல்லாத பலகை எவ்வளவு அழகாயிருப்பினும் குறையுடையதே. மேலும், அடுத்த ஒரு மணிநேர விளையாட்டை முடிவுசெய்ய 24 மணிநேரச் சராசரி ஏற்ற அளவும் அன்று. அதற்கு ஒரு மணிநேர நுண்துகள் அளவையே தேசியச் சுற்றுப்புற வாரியம் பரிந்துரைக்கிறது.

அடுத்தது நேரம். தகவற்பலகையைச் சன்னல் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது அவ்வப்போது மாற்றப்படும் நிழற்படம். அடிக்கடி பார்க்கப்படும் பலகைக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 முதல் 70 புதுப்பிப்புகள் என்பதே ஆப்பிள் தன் வழிகாட்டியில் கூறும் வழக்கமான அளவு. ஆண்ட்ராய்டில் காலமுறைப் புதுப்பிப்பு 30 நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் தானாக நிகழ்வதில்லை. எனவே, அளவெடுத்த நேரம் பலகையின் ஓர் ஓரத்திலேனும் இருத்தல் வேண்டும்.

இனி, தமிழர் மட்டுமே கண்டறியக்கூடிய ஒரு குறைக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘அன்ஹெல்தி’ என்னும் சொல்லின் எதிர்மறை முன்னால் நிற்கிறது. மலாயில் ‘தீடாக் சிஹாட்’ என்பதும் அவ்வாறே. தமிழிலோ ‘ஆரோக்கியமற்றது’ என்பதன் எதிர்மறை இறுதியில் நிற்கிறது. இடம் போதாதபோது கட்டம் எப்பகுதியை வெட்டும்? இறுதிப் பகுதியைத்தான்.

எண்ணிப் பார்த்தால் வியப்பாயிருக்கும். அந்த ஆங்கிலச் சொல்லில் ஒன்பது எழுத்துகள். நம் சொல்லிலும் ஒன்பது எழுத்துகளே. ஆனால் யூனிகோடு முறையில் உயிர்மெய்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் தமிழ்ச் சொல் 14 குறியீடுகளைக் கொள்கிறது. ஒன்பது குறியீடுகளோடு வெட்டும்படி ஒரு நிரலர் எழுதிவிட்டால், ஆங்கிலச் சொல் முழுமையாக நிற்கும். தமிழில் ‘ஆரோக்கியம’ என்பது மட்டும் எஞ்சும். மகரத்தின் மேல் ஒரு புள்ளி இருப்பதாகக் கண் கற்பித்துக்கொண்டால் போதும், எச்சரிக்கை நற்செய்தியாகிவிடும்! அகலத்தைக் கணக்கிட்டு வெட்டும் முறையிலும் இவ்விடர் நீங்குவதில்லை. ‘மழை பெய்யாது’ என்பது ‘மழை பெய்…’ என்று நிற்கும். ‘வகுப்பு இல்லை’ என்பது ‘வகுப்பு…’ என்று முடியும்.

இதற்கு எழுத்தைச் சிறிதாக்குவது தீர்வாகாது. முதியோரால் படிக்க இயலாது. சொல்லைத் தேர்ந்தெடுப்பதே தீர்வு என்பது என் கருத்து. ‘ஆரோக்கியமற்றது’ என்பதற்குப் பதிலாகத் ‘தீங்கானது’ என்று எழுதினால், ‘தீங்…’ என வெட்டுண்டாலும் எச்சரிக்கை நிலைக்கும். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் சொல்லின் பொருத்தத்தை ஆராய்வதுபோல், அதன் முன்பாதி தனித்து நின்றால் என்ன பொருள் தரும் என்பதையும் ஆராயலாம்.

வகுப்பறையில் இதனைச் செய்துபார்ப்பது எளிது. மாணவர்கள் கைத்தொலைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தளவை மிகப் பெரிதாக்கி, ஒரு தகவற்பலகையை அதன் மிகச் சிறிய வடிவில் முகப்பில் வைக்கட்டும். குறியீட்டின் பெயர், அளவெடுத்த நேரம், வெட்டுண்ட சொற்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வெட்டுண்ட சொல்லுக்கும் முன்னாலேயே பொருள் விளங்கும் மாற்றுச்சொல் ஒன்றை அவர்களே எழுதட்டும். அப்பட்டியலைச் செயலியை உருவாக்கிய நிறுவனத்துக்கு அனுப்பியும் வைக்கலாம்.